ஓட்டுக்கூரைக்குத் தேக்கா, பனையா?

ஓட்டு வீடு கட்டுகிறவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் திகைக்கிறார்கள்.

வைரம் (மரத்தின் இறுகிய கெட்டிப் பகுதி): தேக்கில் உள்ளே இருக்கிறது. பட்டைக்கு அடியில் உள்ள வளர்படலம் ஆண்டுதோறும் உள்பக்கமாகப் புது மரம் சேர்க்கும். நீர் ஏற்றி ஓய்ந்த பழைய குழாய்கள் அடைபட்டு, வைரமாக இறுகும். பனைக்கு அந்தப் படலமே கிடையாது. நார்க்கற்றைகள் ஓரத்தில் நெருங்கி முற்றுவதால் வைரம் வெளியே, நடுவில் வெறும் சோறு, அதாவது மெத்தென்ற உள்பகுதி. தொல்காப்பியமே இதை அகக்காழ் (உள்வைரம்), புறக்காழ் (வெளிவைரம்) என்று பிரித்துவிட்டது!

கரையான்: தேக்கின் வைரத்தை எளிதில் தொடாது, வைரத்தைச் சுற்றியுள்ள இளமரமான வெளிறை அரிக்கும். பனையில் சோற்றை முழுக்கச் செதுக்கிவிட வேண்டும்.

இழைப்பு: தேக்கு இணங்கும், பனை உளியை மழுக்கும்.

விலை: பனை மலிவு.

சரி, கதவு, நிலைக்குத் தேக்கு. கூரையில் ஓட்டைத் தாங்கும் கைமரத்துக்கு என் தேர்வு முற்றிய பனைதான். ஆனால் நிற்கிற பனையை வெட்டாதீர்கள். பழைய வீடு பிரிக்கும் இடத்தில் வாங்குங்கள்.