கையெழுத்து போட்ட வேலையிலிருந்து விலக 650 ராண்ட்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய கிரே ஸ்ட்ரீட், இப்போது டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட். அங்கே ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் தொழிலாளர் சட்ட ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். அரை மணி நேரத்துக்கு 650 ராண்ட் வாங்குகிறார். போன பிப்ரவரியில் அவரிடம் இரண்டு முறை போனேன். பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஆனால் என்ன செய்தார் என்பதை எழுதியே ஆக வேண்டும். நான் மாட்டிக்கொண்டது போல மாட்டிக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ராத்திரி தூங்காமல் கிடப்பவர்கள் நம் ஆட்களில் நிறையப் பேர்.

நான் பதினொரு வருடமாகத் துறைமுகச் சரக்கு கிளியரிங் வேலையில் இருப்பவள். போன வருடக் கடைசியில் பழைய கம்பெனி ஆட்குறைப்பு செய்தது. ஜனவரி முழுக்க வீட்டில். பிறகு ஒரு ஏஜென்சி மூலம் ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது, மாதம் 19,500 ராண்ட். பதினான்கு பக்க ஒப்பந்தம். பக்கத்துக்குப் பக்கம் இனிஷியல் போட்டு, கடைசியில் கையெழுத்தும் போட்டேன். மார்ச் முதல் தேதி சேர வேண்டும்.

கையெழுத்து போட்ட ஆறாவது நாள், துறைமுகத்தின் மேடன் வார்ஃப் பகுதியிலிருந்து போன். டிசம்பரில் நேர்காணல் செய்துவிட்டுப் பேச்சுமூச்சு இல்லாமல் இருந்த கம்பெனி. 26,000 ராண்ட், மருத்துவத் திட்டத்தில் பாதியை அவர்களே கட்டுவார்கள். என் சின்னவனுக்கு ஆஸ்துமா. பம்புக்கும் மருந்துக்கும் மாதாமாதம் நாங்கள் கணக்குப் பார்த்துத்தான் வாங்குகிறோம். சம்பளத்தைவிட அந்தப் பாதிதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

மாமியாரிடம் சொன்னேன். அவர் டர்பனில் நம் ஆட்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்திலேயே காலம் தள்ளியவர். தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனால் அன்றைக்குத் தமிழில்தான் சொன்னார்: "வாக்குக் கொடுத்தாச்சே, கண்ணு." அது நெஞ்சில் தைத்துவிட்டது. பதறிப்போய் ஒரு தப்பும் செய்தேன். ஏஜென்சிக்கு போன் போட்டு, "ஒருவேளை நான் வர முடியாமல் போனால்?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண்ணின் குரலே மாறிவிட்டது. "கம்பெனி எங்களுக்குத் தர வேண்டிய கமிஷன் போய்விடும். அதை நீங்கள்தான் கட்ட வேண்டும், 35,000 ராண்ட்" என்றாள். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை இந்த ஆலோசகரின் மாடிப்படி ஏறினேன்.

அவருக்கு அறுபது வயது இருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் 'வாங்க', 'சரி', 'சாப்பிட்டாச்சா' அளவில்தான். பேச்செல்லாம் இங்கிலீஷில்தான் நடந்தது, நடுநடுவே "அக்கா" மட்டும். என் கதையைக் கேட்பதற்கு முன்னாலேயே ஒப்பந்தத்தைக் கேட்டார். வரிக்குக் கீழே ஒரு மர ஸ்கேலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தார். நோட்டீஸ் பற்றிய பத்தி வந்ததும் ஸ்கேல் நின்றது. சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு. தகுதிகாண் காலத்தில் இரு தரப்பும் ஒரு வாரம் நோட்டீஸ் கொடுத்து விலகலாம் என்று அதில் இருந்தது. இனிஷியல் போட்டவள் நான்தான். அதைப் படிக்காமலே போட்டிருக்கிறேன்.

"நான் இன்னும் வேலையிலேயே சேரவில்லையே, அப்புறம் எதற்கு நோட்டீஸ்?" என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். 2005-ல் வையத் மருந்துக் கம்பெனி வழக்கில் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதை விளக்கினார்: ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டு இன்னும் வேலை தொடங்காதவரும் தொழிலாளர் உறவுச் சட்டத்தின்படி தொழிலாளிதான். அதாவது கம்பெனி உன்னை நினைத்தபடி கழற்றிவிட முடியாது. அதே மாதிரி நீயும் வராமலே இருந்துவிடலாம் என்று நினைக்காதே. 1997-ன் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டத்திலும் ஆறு மாதம் வரை வேலை செய்தவருக்கு நோட்டீஸ் ஒரு வாரம், ஒரு வருடம் வரை இரண்டு வாரம், அதற்கு மேல் நான்கு வாரம். எழுதப் படிக்கத் தெரியாதவரைத் தவிர மற்றவர்கள் எழுத்தில்தான் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

என் பயம் முழுவதும் போகவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்கும். கால்பந்துக் கதைக்குப் போனார். கார்டன் இகேசுண்டை சாட்ஸ்வொர்த்தில் யாருக்குத் தெரியாது? 1996-97-ல் நம் மானிங் ரேஞ்சர்ஸ் அணியை நாட்டின் பெரிய கால்பந்துப் போட்டியான பி.எஸ்.எல். லீக்கின் முதல் சாம்பியனாக்கிய பயிற்சியாளர். பிறகு கேப் டவுனில் சாண்டோஸ் அணிக்கும் கோப்பை வாங்கிக்கொடுத்தார். ஒப்பந்தம் இருக்கும்போதே அஜாக்ஸ் கேப் டவுனுக்குப் போகப் பார்த்தார். சாண்டோஸ் கோர்ட்டுக்குப் போனது. கேப் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு ஒப்பந்தத்தை நிறைவேற்றத்தான் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. "இந்த நாட்டில் அப்படியும் நடக்கும், அக்கா. ஆனால் உங்கள் தாளிலேயே வெளியே போகும் கதவு இருக்கிறது. அந்தக் கதவு வழியாகப் போங்கள்" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஏஜென்சி கேட்ட 35,000-க்கு அவர் பதில் சொன்னது ஒரு நிமிடம்கூட இருக்காது. 2014-ன் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம், 15-வது பிரிவு: வேலை தேடுபவரிடம் அந்தச் சேவைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஏஜென்சிக்கும் கம்பெனிக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் அவர்களுடையது. "மறுபடி கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். அதன் பிறகு அந்த ஏஜென்சிப் பெண்ணிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஒரு நாள் முழுக்க என் குடும்பத்தை நடுங்கவைத்த தொகை அது. இந்த ஒரு விஷயத்துக்கே 650 தகும்.

ஆனால் அவர் செய்த பெரிய உதவி வேறு. நான் உடனே ஜேக்கப்ஸுக்குக் கடிதம் எழுதத் தயாராக இருந்தேன். "மேடன் வார்ஃப்காரர்கள் எழுத்தில் கொடுத்தார்களா?" என்று கேட்டார். இல்லை, போனில்தான். "குற்றப் பதிவு, கடன் பதிவு, பழைய கம்பெனியில் விசாரிப்பது எல்லாம் முடிந்ததா?" அதுவும் தெரியாது. அப்படியானால் கையில் இருப்பது ஒரே வேலைதான், அதையும் தூக்கிப் போடப் பார்க்கிறீர்கள் என்றார். ஆட்குறைப்பில் வீட்டில் இருந்தவளுக்கு இதுகூடத் தோன்றவில்லை, அவ்வளவு பதற்றம். மேடன் வார்ஃபுக்கு மெயில் போட்டேன். ஒன்றரை நாள் காத்திருந்தேன். விசாரிப்பெல்லாம் முடிந்துவிட்டது என்ற வரியோடு ஒப்பந்தம் வந்தது. இந்த முறை எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்து போட்டேன்.

இரண்டாவது முறை போனபோது கடிதம் எழுதித் தருவார் என்று நினைத்தேன். முதலில் போன் பண்ணச் சொன்னார், அவர் எதிரிலேயே. கடிதம் சட்டத்துக்கு, போன் மனுஷனுக்கு என்றார். எனக்குக் கை நடுங்கியது. ஜேக்கப்ஸ் மேனேஜர் எடுத்தார். வேறு வேலை வந்திருக்கிறது, பிள்ளையின் மருத்துவத்துக்காக அதை எடுக்கிறேன், ஒரு வாரம் நோட்டீஸ் இன்றே மெயிலில் வரும் என்று சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "உங்களுக்காக இன்னொரு பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன், சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. "சேருவதற்கு முன்னாலேயே சொன்னீர்கள், அந்தப் பெண்ணை இன்றைக்கே கூப்பிட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். ஆலோசகர் ஒன்றும் பேசாமல் தண்ணீர் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார்.

கடிதம் நான்கே வரி. அதற்குத் தனியாக 200 ராண்ட் கேட்டார். இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், எனக்குப் பிடிக்கவில்லை. கார்டு வாங்குவதில்லை, பணம்தான். நேரம் குறித்துக்கொண்டு போயும் முதல் நாள் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். லிஃப்ட் ஓடவில்லை, முட்டி வலி உள்ளவர்களுக்கு அந்தப் படிகள் கஷ்டம். கார் நிறுத்த இடம் கிடைப்பதும் பெரும்பாடு. நான் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு நடந்தேன்.

வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்களுக்கு அவரிடம் போகும் அவசியம் பல நேரம் இருக்காது. தொழிலாளர் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் சி.சி.எம்.ஏ. அலுவலகத்தில் காசில்லாமலே வழக்குப் பதியலாம், ஆனால் 30 நாளுக்குள் போக வேண்டும். இதையும் அவரேதான் எனக்குச் சொன்னார். நம்மைப் போல இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே நிற்பவர்கள் அவரிடம் போகலாம். எல்லாப் பக்கங்களையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள், போன் திரையில் காட்டினால் படிக்க மாட்டார். சனிக்கிழமை மத்தியானம் 12 மணிக்கு மூடிவிடுகிறார்.