இணையம் இல்லாத வைஃபை: பழைய ரவுட்டரா, போனா, ராஸ்பெரி பையா?

ஒரு வகுப்பறை, 30 போன்கள், ஒரு மடிக்கணினி. அதில் கிவிக்ஸ் (இணையமின்றிப் படிக்க உதவும் மென்பொருள்) மூலம் ஓடும் தமிழ் விக்கிப்பீடியாவும் சில பாட வீடியோக்களும் இருக்கின்றன. இணையம் கிடையாது, தேவையும் இல்லை. இத்தனை பேரையும் அந்த மடிக்கணினியோடு இணைக்க எது தோது?

கையில் இருப்பது போன்தான் என்று ஹாட்ஸ்பாட்டைப் போடுவார்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டும் ஆண்ட்ராய்டில் அது வேலை செய்யும். நாலைந்து பேர் கோப்பு பரிமாற அது போதும். ஆனால் பல போன்களில் பத்துக் கருவிகளோடு வரம்பு முடிந்துவிடும். யாரும் இணையாமல் சற்று நேரம் போனால் தானே அணைந்துவிடும். ஆண்ட்ராய்டு 11 முதல் ஹாட்ஸ்பாட்டின் ஐபி வரிசையும் (கருவிகளுக்குத் தரும் முகவரி எண்கள்) மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், மாணவர்கள் திறப்பதற்காக நேற்று கரும்பலகையில் எழுதிய மடிக்கணினியின் முகவரி இன்று செல்லாது. விண்டோஸின் மொபைல் ஹாட்ஸ்பாட் இன்னும் மோசம்: பகிர ஓர் இணைப்பு இல்லையென்றால் தொடங்கவே மறுக்கும், தொடங்கினாலும் எட்டுக் கருவிகள்தான்.

ரவுட்டருக்கு இந்தத் தகராறு இல்லை. இணையம் வந்தாலும் வராவிட்டாலும் உள்ளே இருப்பவர்களை இணைப்பதுதான் அதன் வேலை. பரணில் கிடக்கும் பழையதை எடுத்து, ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அழுத்துங்கள். வான் (WAN, இணைய கேபிளுக்கான) துளையைக் காலியாக விட்டு, மடிக்கணினியை லான் (LAN, உள்ளே இருக்கும் கருவிகளுக்கான) துளையில் கேபிளால் இணையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் முகவரியில் (பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1) பிரவுசர் வழியாக நுழைந்து, இணைய விவரம் கேட்கும் பக்கத்தைத் தாண்டிவிடலாம். வைஃபைக்குப் பெயரும் டபிள்யூபிஏ2 (பாதுகாப்பு முறை) கடவுச்சொல்லும் கொடுங்கள். டிஎச்சிபி வரம்பு, அதாவது ரவுட்டர் போன்களுக்குத் தானாகத் தரும் முகவரிகளின் கடைசி எண், 100 முதல் 199 வரை இருக்கட்டும். மடிக்கணினிக்கு 192.168.0.10 போல வரம்புக்கு வெளியே ஓர் எண்ணைக் கையால் கொடுங்கள். ரவுட்டரின் வரிசை வேறென்றால் அதற்கேற்ப மாற்றுங்கள்.

கேபிள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மடிக்கணினியும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு வீடியோவும் ஒரே அலைவரிசையில் இரண்டு முறை பயணிக்கும், வேகம் பாதியாகும். கணக்கைப் பாருங்கள்: ஒருவருக்கு 2 எம்பிபிஎஸ் என்றாலும் 30 பேருக்கு 60. பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டரின் பெட்டியில் 300 என்று அச்சிட்டிருப்பார்கள். 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தில் இணைப்பு வேகமே 144தான், நிஜத்தில் கிடைப்பது அதில் பாதியளவு. அதுவும் போன்கள் பக்கத்தில் இருந்தால். படிக்க மட்டும் என்றால் இது தாராளம். எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ பார்ப்பதானால் 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள ரவுட்டரைத் தேடுங்கள், சேனல் 36 முதல் 48க்குள் வையுங்கள்.

ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ரவுட்டராகவும், பாடங்களை வழங்கும் சர்வராகவும் ஒருசேர இருக்கும், உள்ளங்கையில் அடங்கும். ஆனால் அதன் உள் வைஃபையும் சின்ன ஆன்டெனாவும் 30 பேருக்கானவை அல்ல. வைஃபை நாட்டை இந்தியா என்று அமைக்காதவரை ரேடியோவே பூட்டியிருக்கக்கூடும். பை 4 வரை கடிகார பேட்டரிக்கு இடமே இல்லை. இணையமும் இல்லாததால் நேரம் தப்பாகவே ஓடும். மின்சாரம் பட்டென்று போனால் மெமரி கார்டு கெடலாம். பையைச் சர்வராக மட்டும் வைத்து ரவுட்டரின் லான் துளையில் செருகினால் அருமையான ஜோடி, மடிக்கணினிக்கு விடுதலை. பை 4க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். போன் சார்ஜரைச் செருகிவிட்டு, பை தானாக மறுதொடக்கம் ஆகிறதே என்று புலம்புபவர்கள் ஏராளம்.

எதைத் தேர்ந்தாலும் தொல்லை தருவது பெரும்பாலும் மாணவர்களின் போன்கள்தான். இணைந்ததும் ஆண்ட்ராய்டு கூகுளைத் தொட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் ‘இணையம் இல்லை’ என்று எச்சரித்து, கமுக்கமாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பக்கம் திறக்காது, பழி ரவுட்டர் மேல் விழும். ‘இணைந்தே இரு’ என்பதைத் தேர்ந்து, டேட்டாவை அணைக்கச் சொல்லுங்கள்.

அப்படியும் திறக்கவில்லையா? ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கிறார்களா என்று பாருங்கள்; அது ஒரு கருவியை இன்னொன்றின் கண்ணில் காட்டாது. அடுத்து மடிக்கணினி: புது வலையமைப்பை விண்டோஸ் ‘பொது’ என்று எடுத்துக்கொண்டு உள்ளே வரும் இணைப்புகளைத் தடுக்கும். ‘தனிப்பட்டது’ என்று மாற்றி, விண்டோஸ் ஃபயர்வாலில் (தடுப்புச் சுவர்) கிவிக்ஸுக்கு அனுமதியும் கொடுத்தால், பெரும்பாலும் பக்கம் திறக்கும்.