பழைய டாட்ஜ் டார்ட்டுக்கு வாங்கிய பேலஸ்ட் ரெசிஸ்டர்

சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை ஓடும் எஞ்சின், கையை விட்ட கணமே அணைந்துவிடுமானால், டாட்ஜ் டார்ட் போன்ற பழைய கிரைஸ்லர் கார்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஃபயர்வாலில் (எஞ்சின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலான தடுப்புச் சுவரில்) திருகப்பட்டிருக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரைத்தான், அதாவது இக்னிஷன் காயிலுக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் குறைக்கும் மின்தடையைத்தான். ஸ்டார்ட் செய்யும்போது மின்சாரம் அதைத் தவிர்த்துவிட்டு நேராக, தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் அந்த இக்னிஷன் காயிலுக்குச் செல்கிறது; கையை விட்டுச் சாவி ஓடும் நிலைக்குத் திரும்பி வந்த பிறகே ரெசிஸ்டர் வழியாகப் பாய்கிறது.

பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த என் 1970 டார்ட்டிலும் இதுவே நேர்ந்தது. மாற்றாக வாங்கிய பீங்கான் ரெசிஸ்டர், குளிர்ந்த நிலையில் மல்டிமீட்டரில் 1.4 ஓம் காட்டியது. எஞ்சின் ஓடும்போது காயிலின் நேர்முனையில் ஏறத்தாழ 8 வோல்ட் நின்றது, எனக்கு முழு நிறைவு. பீங்கான் உடலும் பிசிறின்றி வார்க்கப்பட்டுள்ளது. ஆனால் முனைகளின் ரிவெட்டுகள் சற்றே ஆடுகின்றன. இவ்வளவு சூடாகும் ஒரு பொருளில் தளர்ந்த இணைப்பை நான் சிறு குறையாகக் கருதமாட்டேன். விலை குறைவு என்பதால், பரிசோதித்த இன்னொன்றைக் காரிலேயே வைத்திருக்கிறேன்.

பழுதடைந்த ரெசிஸ்டருக்குப் பதிலாக ஒரு வயரைச் செருகி ஓட்டிக்கொண்டே இருப்பவர்களிடம் மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: 1.5 ஓம் காயிலில் 14 வோல்ட் நேரடியாகப் பாய்ந்தால் மின்னோட்டம் 9 ஆம்பியரைத் தாண்டும், பாயிண்ட் கருகும், காயிலும் கொதித்துக் கெடும். வீடு சேர்வதற்கு மட்டும் அந்த வயர் போதும்.