மலையில் ராத்தங்கல்: ஊட்டி லாட்ஜா, கோத்தகிரி ஹோம்ஸ்டேயா, குன்னூர் பங்களாவா?

கோவையிலிருந்து மாதம் ஒரு முறை நீலகிரிக்கு ஏறுகிறேன். தேயிலைத் தொழிற்சாலைகளில் பச்சைத்தேயிலை எடை போடும் மின்னணுத் தராசுகளைச் சரிபார்க்கும் வேலை. பத்து வருடம் ஆகிவிட்டது. ஒரு முறை போனால் இரண்டு இரவு, சில சமயம் மூன்று. கூட்டிப் பார்த்தால் இருநூற்றைம்பது இரவுக்குக் குறையாது.

சுற்றுலா வருகிறவர்கள் அறை எடுக்கும்போது ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். நான் முதலில் மெத்தையின் கால்மாட்டில் கையை வைத்துப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால் குளிர். பிசுபிசுவென்று இருந்தால் ஓதம். குளிருக்கு இன்னொரு ரஜாய் கேட்கலாம், ஓதத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. காலை ஆறு மணிக்கு வெந்நீர் வருமா, ராத்திரி ஏதாவது ஆனால் எழுந்து வர ஆள் இருக்கிறாரா என்பதையும் கேட்டுவிட்டுத்தான் பையை இறக்குவேன். இந்தக் கேள்விகளை வைத்துத்தான் மூன்று வகை இடங்களை இங்கே ஒப்பிடுகிறேன். மூன்றிலும் பலமுறை தங்கியிருக்கிறேன், மூன்றிலும் அடிபட்டிருக்கிறேன். என் அனுபவத்தில் வந்த குறைகள் என்பதால் எந்த இடத்தின் பெயரையும் சொல்லவில்லை.

முதலில் ஊட்டி லாட்ஜ். வேலைக்காக வருகிற யாரும் பஸ் ஸ்டாண்டை ஒட்டியே அறை எடுப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், ரேஸ் கோர்ஸ் எல்லாம் அக்கம்பக்கம். காலையில் இறங்கினால் மஞ்சூருக்கோ குன்னூருக்கோ பஸ் தயாராக நிற்கும். வசதிதான். ஆனால் அந்த இடம் ஊட்டியின் பள்ளம். தெளிந்த வானமுள்ள இரவில் மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி படிந்த ஊட்டி என்று பத்திரிகையில் வரும் படங்களைக் கவனியுங்கள்: ரேஸ் கோர்ஸ், காந்தல், தலைகுந்தா. எல்லாம் தாழ்வான இடங்கள். அதே ஊரில், சேரிங்கிராஸ் சந்திப்பிலிருந்து நூறு, நூற்றைம்பது அடி மேலே ஏறிப் போனால் விடியற்காலைக் குளிர் குறைவாக இருப்பதை உடம்பே சொல்லும். இது எனக்குப் புரிய நான்கு குளிர்காலம் ஆனது.

இன்னொன்று, மலையூர்க் கட்டிடங்களுக்கே உரியது. வாசல் ரோட்டு மட்டத்தில் இருக்கும், வரவேற்பறையும் அங்கேயே இருக்கும். ஆனால் சரிவில் கட்டியதால் ரோட்டுக்குக் கீழேயும் இரண்டு மாடி இருக்கும். அந்தக் கீழ் அறைகளின் பின்சுவர் மண்ணோடு ஒட்டியது. மழைக்காலத்தில் மலையின் ஈரம் முழுவதும் அந்தச் சுவர் வழியாக உள்ளே வரும். ஒரு முறை அப்படிப்பட்ட அறையில் சுவரை ஒட்டிக் கட்டில். காலையில் எழுந்தால் தலையணை நனைந்திருந்தது, மூன்று நாள் இருமல். அதன் பிறகு போனில் அறை எண்ணைக் கேட்பதில்லை. "ரோட்டுக்கு மேலயா, கீழயா?" என்றுதான் கேட்கிறேன்.

வெந்நீரைப் பொறுத்தவரை லாட்ஜ்தான் ஒழுங்கு. ஆறிலிருந்து எட்டரை வரை என்று எழுதி ஒட்டியிருப்பார்கள், பெரும்பாலும் வரும். ஒரு ஜனவரியில் விடியற்காலை மின்சாரம் போய்விட்டது. அன்று குந்தா பக்கம் ஒரு தொழிற்சாலையில் எட்டு மணிக்கு நான் இருக்க வேண்டும். மாடி வேலை பார்க்கும் பெரியவர் பின்பக்கம் விறகு அடுப்பு மூட்டி, இரண்டு வாளி வெந்நீரை மூன்று மாடி தூக்கி வந்தார். "அண்ணே, நானே வந்து எடுத்துக்கிறேன்" என்றதற்கு, "படி வழுக்கும் சார், நீங்க இருங்க" என்றார். லாட்ஜுக்கு நான் இன்னும் போவதற்கு அந்த இரண்டு வாளியும் ஒரு காரணம். நள்ளிரவு ஒரு மணிக்குப் போய்க் கதவைத் தட்டினாலும் கீழே யாராவது படுத்திருப்பார். ஒரு இரவுக்கு எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிறது. சீசனில் மட்டும் அதே அறைக்கு இரண்டு மடங்கும் அதற்கு மேலும் கேட்பார்கள்.

கோத்தகிரி ஹோம்ஸ்டே வேறு உலகம். கட்டபெட்டு பக்கம் ஒரு படுகர் குடும்பம், தங்கள் வீட்டின் மேல் கட்டிய இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறார்கள். ரோட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் தேயிலைச் சரிவில் நடக்க வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம் என்றால் கோத்தகிரி சுமார் 1,800. நானூறு மீட்டருக்கு மேல் தாழ்வு என்பதால் குளிர் கடிப்பதில்லை. அறைக்குப் பின்னால் மண் இல்லை, நாலு பக்கமும் காற்று வருகிறது. மெத்தையை வெயில் வந்தால் வெளியே போட்டு உலர்த்துகிறார்கள். எந்த லாட்ஜிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவரைக்கொட்டைக் குழம்பு, தோட்டத்துக் கீரை, சுடச்சுட ராகிக் களி. வயிற்றுப்புண்ணோடு ஊர் ஊராக ஓட்டல் சாப்பாடு சாப்பிடுகிறவனுக்கு இது மருந்து மாதிரி. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் தடை என்பதால் எவர்சில்வர் பாட்டில் கொண்டு போவேன். காலையில் கிளம்பும்போது கேட்காமலேயே அதில் சுக்குத் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார் அந்த அக்கா.

சரி, குறைகள். வெந்நீர் சூரிய ஒளியில் காய்வது. மூடுபனி நான்கு நாள் விலகாவிட்டால் குழாயில் பச்சைத் தண்ணீர்தான். அடுப்பில் காய்ச்சி ஒரு வாளி தருவார்கள், அவ்வளவுதான். அலைபேசி சிக்னல் மாடிப்படியின் ஒரு மூலையில் மட்டும் கிடைக்கும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் ஹெத்தையம்மன் பண்டிகைக்குக் குடும்பமே போய்விடும், அந்த நாட்களில் அறை கிடையாது. அது அவர்கள் வீடு, அவர்கள் பண்டிகை. நாம்தான் தேதியை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பெரிய ஆபத்து வழியில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் வேலை முடிய நேரமாகி, ராத்திரி எட்டே காலுக்கு பஸ்ஸிலிருந்து இறங்கினேன். டார்ச்சைப் போட்டுக்கொண்டு தேயிலைக்குள் இருபது அடி நடந்திருப்பேன். பாதையில் ஒரு பாறை மாதிரி ஏதோ இருந்தது. காலையில் அங்கே பாறை இல்லையே என்று நினைக்கும்போதே அது தலையைத் திருப்பியது. காட்டுமாடு. நன்றாக வளர்ந்த கடா ஒரு டன் எடை வரை வரும். பின்பக்கமாகவே நடந்து ரோட்டுக்கு வந்து வீட்டுக்குப் போன் செய்தேன். "தம்பி, லைட் அடிக்காதீங்க, ரோட்லயே நில்லுங்க" என்றார் வீட்டுக்கார அண்ணன். மேல் ரோடு வழியாக ஜீப்பைச் சுற்றி எடுத்து வந்து ஏற்றிக்கொண்டார். நாற்பது நிமிடம் அந்த இருட்டில் நின்றேன். கோத்தகிரி, குன்னூர் பக்கம் காட்டுமாடும் கரடியும் ஊருக்குள் வருவது சாதாரணம். தேயிலைக்கு நடுவே அறை எடுத்தால் மாலை ஆறு மணிக்குள் உள்ளே போய்விட வேண்டும். ஆறு மணிக்கு முடியாத வேலை என்றால் அந்த இடம் ஒத்துவராது.

அதே வீட்டில் ஒரு அக்டோபரில் மாட்டிக்கொண்டேன். ராத்திரி முழுக்க மழை, காலையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் குஞ்சப்பனை பக்கம் மண் சரிவு, குன்னூர் பக்கமும் மரம் விழுந்து கிடந்தது. இரண்டு நாள் கரண்ட் இல்லை. கிளம்பும்போது கணக்குப் பார்த்தால் அறை வாடகை மட்டும்தான் எழுதியிருந்தார்கள். சாப்பாட்டுக்குக் கொடுத்த பணத்தை அக்கா வாங்கவே இல்லை. "ரோடு அடைச்சதுக்கு நீங்க என்ன தம்பி செய்வீங்க?" என்றார். வருடக்கணக்காக விடுதிகளில் தங்கியும், எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை.

குன்னூர் பங்களாவுக்கு அதிகம் சொல்ல இல்லை. நூறு வருடப் பழைய கட்டிடம், தகரக் கூரை, மரத்தரை, அறைக்குள் குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பு. கம்பெனி செலவில் நான்கைந்து முறை தங்கினேன். ஒரு இரவுக்கு லாட்ஜைப் போல ஐந்து மடங்கு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மே மாதம், ஊட்டி மலர்க் கண்காட்சி சமயம், முன்பதிவு செய்து முழுப் பணமும் கட்டிவிட்டுப் போனவனை, அறை வேறொருவருக்குப் போய்விட்டது என்று பின்கட்டில் ஒரு சிறு அறைக்கு அனுப்பினார்கள். பணம் குறைக்கவில்லை.

இன்னொரு முறை நடந்தது அதைவிட மோசம். கணப்பு மூட்டிவிட்டுப் போனார்கள், புகைப்போக்கி அடைத்திருந்தது. தலைவலியோடு விழித்தபோது அறை முழுக்கப் புகை. ஜன்னலைத் திறந்து வெளியே ஓடி வந்து கத்தின பிறகு, பத்து நிமிடம் கழித்துத்தான் ஆள் வந்தார். "பழைய கட்டிடம் சார், அப்படித்தான் இருக்கும்" என்றார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. புகையாவது கண்ணுக்குத் தெரியும். கரி எரிவதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், கறி சுட்ட அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய இரண்டு இளைஞர்கள் காலையில் எழவே இல்லை. அவர்கள் செய்த ஒரே தப்பு குளிர் தாங்காமல் நெருப்புக் கங்குகளை உள்ளே கொண்டு வந்தது. தயவுசெய்து எந்த மலையூரில் தங்கினாலும், மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். விடுதிக்காரரே கொண்டு வந்து கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆகப் போட்டி லாட்ஜுக்கும் ஹோம்ஸ்டேக்கும்தான். இதில் எது என்பதை மழையை வைத்து முடிவு செய்கிறேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை அவலாஞ்சி, கூடலூர் பக்கம் கொட்டித் தீர்க்கும். 2,637 மீட்டர் தொட்டபெட்டா குறுக்கே நிற்பதால் கோத்தகிரிக்கு அதில் கொஞ்சம்தான் வரும். அந்த மாதங்களில் ஹோம்ஸ்டே. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளைத்தான் பிடிக்கும். 2009 நவம்பரில் அந்தப் பக்கம் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த இரண்டு மாதமும் ஊட்டி லாட்ஜ், ரோட்டுக்கு மேல் அறை. டிசம்பர், ஜனவரியில் பண்டிகை இல்லாத தேதியாகப் பார்த்துக் கோத்தகிரி; கிடைக்காவிட்டால் லாட்ஜ், ஆனால் பஸ் ஸ்டாண்ட் பள்ளத்தில் இல்லை, சேரிங்கிராஸுக்கு மேலே.

ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டிப் பக்கமே தங்குவதில்லை. தராசுகளோடு கம்பெனி வேனில் போனால், மலைக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி வேறு எடுக்க வேண்டும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அது கட்டாயம். 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையையும் வரையறுத்தார்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதனால் கைப்பை மட்டும் என்றால் பஸ்தான்.

ஒரே ஒரு விஷயத்தில் ஹோம்ஸ்டே எனக்குக் கஷ்டம் கொடுக்கிறது: பில். லாட்ஜில் ஜி.எஸ்.டி. எண்ணோடு அச்சடித்த பில் கிடைக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள அறைக்கு வரி 5 சதவீதம்தான். சின்ன ஹோம்ஸ்டேக்கு வரிப் பதிவே இருக்காது, கையெழுத்துப் போட்ட சீட்டு கொடுப்பார்கள். எங்கள் கணக்குப் பிரிவில் அதை ஏற்க வைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. வேலைக்காகப் போகிறவர்கள் முதல் தடவைக்கு முன்பே அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதம் வேலை மஞ்சூர் பக்கம், அதனால் லாட்ஜில் மூன்றாம் மாடி கிழக்கு அறையைச் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் கட்டபெட்டு. நேற்று போன் செய்தேன். அறை இருக்கிறது, மெத்தை உறை புதிதாகப் போட்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு அக்கா சேர்த்துச் சொன்னார்: "வெளிச்சத்துலயே வந்துடுங்க தம்பி, ஒரு வாரமா மாடு கீழ்த்தோட்டத்துலதான் நிக்குது."