ஆசியாவைக் கற்பிக்க ஒரு நகரம்: மலாக்காவா, சிங்கப்பூரா, காலியா?

எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் மாலை வகுப்புக்கு வரும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசியக் கண்டத்தின் நிலவியலையும் வரலாற்றையும் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு சென்ற ஆண்டு எனக்கு வந்தது. நாடு நாடாகத் தலைநகரம், நாணயம், விளைபொருள் என்று ஒப்பிக்க வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஆகவே ஒரே ஒரு துறைமுக நகரத்தை எடுத்துக்கொண்டு, அங்கிருந்தபடியே கண்டம் முழுவதையும் ஓராண்டு பார்ப்பது என்று தீர்மானித்தேன். கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் இடைப்பட்ட கரையில் இருக்கிறது எங்கள் ஊர். வகுப்பில் பாதிப் பேர் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பேரில் பலருக்கு வாப்பாவோ மாமாவோ வெளிநாட்டில் இருக்கிறார். இந்தப் பிள்ளைகளுக்கு எந்த நகரம் பொருந்தும் என்று யோசித்தபோது மூன்று பெயர்கள் முன்னால் நின்றன: சிங்கப்பூர், மலேசியாவின் மலாக்கா, இலங்கையின் காலி. நான் மலாக்காவைத் தேர்ந்தெடுத்தேன். அதே தேர்வு முன்னே நிற்கும் ஆசிரியர்களுக்கு உதவக்கூடும் என்பதால் அதன் காரணங்களை எழுதுகிறேன்.

பெற்றோர் பக்கமிருந்து வந்த விருப்பம் சிங்கப்பூர். "எங்க மச்சான் அங்கதான் இருக்காரு, அந்த ஊரையே சொல்லிக் குடுங்க சார்" என்று ஒருவர் நேரிலேயே கேட்டார். அதில் நியாயம் உண்டு. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. தமிழில் படிக்கக் கிடைப்பவையும் மற்ற இரண்டு நகரங்களைவிட ஏராளம். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் 1819 பிப்ரவரி 6இல் உடன்படிக்கை செய்துகொண்ட பின் சில ஆண்டுகளுக்குள்ளாகவே நம் கரையோர மக்களின் தடம் அங்கே பதிந்துவிட்டது. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் அமைந்த ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும், 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயிலும் இன்றும் ஒன்றுக்கொன்று அருகில் நிற்கின்றன. சுங்கமில்லாத் துறைமுகம், 1869இல் திறந்த சூயஸ் கால்வாய், 1965இல் தனிநாடு, 1972இல் தொடங்கிய கொள்கலன் துறைமுகம் என்று அதன் கதை படிப்படியாக மேலேறிக்கொண்டே போகிறது.

எனக்குத் தயக்கம் ஏற்பட்டதும் அங்கேதான். எங்கள் பிள்ளைகள் தினமும் பார்க்கும் கரை அப்படி மேலேறிய கரை அன்று. பெரியபட்டினத்தில் 1980களில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் சீனத்தோடு நேரடித் தொடர்புடைய பட்டினம் அது. வைகை முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்தில் ரோமானியக் காசுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்திருக்கின்றன. இன்று அந்த இரண்டு ஊர்களிலும் கப்பல் நிற்கும் துறை இல்லை. ஒரு துறை ஏன் பிறக்கிறது என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் இந்தப் பிள்ளைகளுக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும். அது ஏன் ஓய்ந்துபோகிறது என்பதும் அவர்களுக்கு வேண்டும்.

காலி நகரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மற்ற இரண்டு நகரங்களிலும் தங்கியிருக்கிறேன், காலிக்கு நான் போனதில்லை. மூன்றில் நமக்கு மிக அருகில் இருப்பது அதுதான். பாக் நீரிணையும் ராமர் சேதுவும் ஆழமற்றவை என்பதால் பெருங்கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும்; அப்படிச் சுற்றும் கப்பலுக்குத் தென்முனையில் தங்குமிடமாகக் காலி இருந்தது. நம் கடலின் ஆழமின்மை அந்த ஊருக்கு வாழ்வு கொடுத்தது என்று சொன்னபோது பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சீனக் கடற்தளபதி செங் ஹோ 1409ஆம் ஆண்டு தேதியிட்டு நிறுவிய மும்மொழிக் கல்வெட்டு 1911இல் அங்கேதான் கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி திருமாலின் வடிவமான தென்னாவர நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும் காணிக்கை சொல்கின்றன. ஆசியக் கடல் வணிகத்தில் எந்தெந்த மொழிகள் செல்லுபடியாயின என்பதற்கு ஒரே கல்லில் இத்தனை தெளிவான சான்று வேறு எங்கே கிடைக்கும்? இருந்தாலும் ஓராண்டுப் பாடத்துக்கு அது போதவில்லை. டச்சுக் கோட்டையைப் பற்றிச் சொல்லி, கொழும்பில் 1885இல் அலைதடுப்புச் சுவர் முடிந்ததும் நீராவிக் கப்பல்கள் அங்கே மாறிப்போனதைச் சொன்ன பிறகு, ஆசியாவின் கிழக்குப் பாதியைப் பிடித்துக்கொள்ளக் காலியில் கைப்பிடி இல்லை.

மலாக்காவில் அந்தக் கைப்பிடி உண்டு. ஏறத்தாழ 1400இல் அதை நிறுவிய பரமேசுவரன் சுமாத்திராவின் பாலெம்பாங்கைச் சேர்ந்த இளவரசர். இன்றைய சிங்கப்பூரான துமாசிக்கிலிருந்து தப்பி வந்தவர். மலாக்காவை எடுத்தாலும் சிங்கப்பூர் பாடத்தின் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது என்று பெற்றோரிடம் சொல்ல எனக்கு இது உதவியது. 1511இல் போர்த்துகீசியர் கைப்பற்றுவதற்கு முன் அங்கே நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுகத் தலைவர்கள், இருந்தார்கள். குஜராத்தியருக்கு ஒருவர், தமிழகம், வங்காளம், பெகு, பாசாய் ஆகிய இடங்களிலிருந்து வருவோருக்கு ஒருவர், ஜாவா, மலுக்கு, பாண்டா முதலிய தீவுகளுக்கு ஒருவர், சீனம், சம்பா, ரியூக்யூ பக்கத்தாருக்கு ஒருவர். இந்த நான்கு பெயர்களையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொருவருக்கும் உரிய ஊர்களை வரைபடத்தில் நூல் கட்டி இணைத்தோம். நூல் ஒட்டி முடித்தபோது கண்டத்தின் தென்விளிம்பு முழுவதும் மூடியிருந்தது. அந்த நகரில் 84 மொழிகள் பேசப்பட்டதாக அக்காலத்தில் அங்கே பணியாற்றிய தோமே பிரேஸ் என்ற போர்த்துகீசியர் எழுதியிருக்கிறார்.

காற்றைப் பற்றி நான் விளக்க வேண்டியிருக்கவே இல்லை. கச்சானில், அதாவது தென்மேற்குக் காற்றில், நம் பக்கத்துப் பாய்க்கப்பல் மலாக்காவுக்குப் போகும், வாடையில் சீனக் கப்பல் அங்கே வந்துசேரும், காற்று மாறும்வரை காத்திருக்க எல்லோருக்கும் ஒரு துறை வேண்டும் என்று சொன்னவுடன், மீதியைப் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது காற்றும் அன்று, மொழிகளும் அன்று, தண்ணீரின் ஆழம். சிங்கப்பூரின் கெப்பல் துறை இயற்கையிலேயே ஆழமும் மறைவும் உள்ளது. அதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் வியப்பார்கள். தங்கள் கரையோடு ஒப்பிட்டுப் பார்க்க அதில் இடமில்லை. மலாக்காவின் நங்கூரத் துறையோ ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் தள்ளி நிற்க, சரக்கைச் சிறு படகுகளில் ஆற்றுக்குள் கொண்டுவர வேண்டும். வல்லம் வெளியே நிற்க, வத்தையில் மீன் கரைக்கு வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதைப் புரியவைக்கப் படம்கூடத் தேவையில்லை.

ஆறு கொண்டுவரும் மண் மலாக்காத் துறையை எப்படி அடைத்தது என்று காட்ட, ஒரு நாள் படிப்பகத்தின் பெரிய அலுமினியத் தாம்பாளத்தில் கடற்கரை மணலைப் பரப்பி, நடுவே விரலால் ஓர் ஆற்றைக் கீறி, அதன் வாயருகே தீப்பெட்டி ஒன்றைக் கோட்டையாக நிறுத்தினோம். தாம்பாளத்தின் ஒரு முனையைச் செங்கல்லில் ஏற்றி வைத்துவிட்டு, பிள்ளைகள் முறைவைத்து ஒரு குவளையால் தண்ணீரை மெல்ல ஊற்றினார்கள். ஏழாவது, எட்டாவது குவளைக்குள் தீப்பெட்டிக்கு முன்னால் நாக்குப்போல ஒரு மணல் திட்டு நீண்டுவிட்டது. "சார், நம்ம முகத்துவாரத்துல அடைக்கிற மாதிரியே அடைக்குதே" என்றான் படகுக்காரர் மகன் ஒருவன். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த நகரத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்று அன்று எனக்குத் தோன்றியது.

மண் மட்டுமே மலாக்காவை ஓய்த்துவிட்டது என்று சொல்லிக்கொடுத்தால் அது தவறாகும். 1641இல் அதைப் பிடித்த டச்சுக்காரர்கள் தங்கள் தலைமையிடமான பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா)ப் போட்டியாக அதை வளரவிட விரும்பவில்லை. ஆங்கிலேயர் 1786இல் பினாங்கிலும் 1819இல் சிங்கப்பூரிலும் கால் ஊன்றினார்கள். 1824 உடன்படிக்கைப்படி மலாக்கா அவர்கள் கைக்கு வந்தபோது, அதைவிட நல்ல துறைகள் இரண்டு ஏற்கெனவே அவர்களிடம் இருந்தன. நீராவிக் கப்பல் பெருகியபின் காற்றுக்குக் காத்திருக்கும் தேவையும் போயிற்று. மண், அரசியல், எந்திரம் ஆகிய மூன்றையும் பிள்ளைகள் தனித்தனியே எடைபோட வேண்டும் என்பதற்காக மூன்று வாரம் இதிலேயே நின்றேன். அந்த மூன்று வாரமும் வீண்போகவில்லை. போர்த்துகீசியக் கோட்டையில் எஞ்சியிருக்கும் சந்தியாகோ வாயில் ஒரு காலத்தில் கடலைப் பார்த்து நின்றது. இப்போது அதற்கு முன்னால் நிலம் தூர்க்கப்பட்டு, கட்டடங்களும் சாலைகளும் வந்துவிட்டன. 2016இல் அங்கே நின்றபோது கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று வழிப்போக்கர் ஒருவரிடம் நான் கேட்க வேண்டியிருந்தது.

நம்மவர் சுவடு மலாக்காவில் குறைவு என்பது தவறான எண்ணம். பொற்கொல்லர் தெருவில் தமிழ் வணிகர் வழிவந்த மலாக்கா செட்டிகள் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. சில எட்டுத் தூரத்தில் 1748ஆம் ஆண்டைச் சேர்ந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல். குவிமாடம் இல்லாமல், அடுக்கடுக்காக ஏறும் கூரையும் சீனக் கோபுரத்தை ஒத்த மினாராவும் கொண்டது அது. அதன் படத்தைக் காட்டியபோது, கீழக்கரைப் பழைய ஜும்ஆ பள்ளியின் கல்தூண்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், கட்டுபவர்கள் அந்தந்த ஊர் வழக்கப்படியே கட்டுவார்கள் என்பதைத் தாங்களே சொன்னார்கள். இங்கே ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கிளிங்' என்ற பழைய சொல் இன்று மலேசியத் தமிழரிடையே இழிசொல்லாகக் கருதப்படுகிறது. பள்ளிவாசலின் பெயரில் மட்டும் அது ஏன் நிலைத்திருக்கிறது என்பதை முதலிலேயே விளக்கிவிடுவது நல்லது.

மலாக்காவுக்கு உள்ள பெரிய குறை, தமிழில் பிள்ளைகள் தாமாக எடுத்துப் படிக்கத்தக்க நூல்கள் குறைவு என்பதுதான். பெரும்பாலான குறிப்புகளை நானே எழுதிப் படியெடுத்துக் கொடுத்தேன். அதற்கு வாரம் இரண்டு இரவுகள் போயின. அத்தனை நேரம் ஒதுக்க முடியாதவர்கள் சிங்கப்பூரை எடுத்துக்கொள்வதே நல்லது. மூன்று மாத வகுப்பாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மலாக்கா எடுபடுமா என்பதை நான் சோதித்துப் பார்க்கவில்லை. ஒரே ஓர் ஆண்டின் அனுபவத்தை வைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இந்த ஆண்டும் மலாக்காதான். காலிக் கல்வெட்டின் தமிழ்ப் பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறேன். தாம்பாளப் பாடத்தை மழைக்காலத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். அப்போது பிள்ளைகளை முகத்துவாரத்துக்கே அழைத்துப்போய், ஆறு கொண்டுவரும் மண்ணை நேரிலேயே காட்டிவிட்டு வந்து தொடங்கலாம்.