மாத்திரையும் வெயிலுமா, 311 விளக்கா?

தோல் திட்டுத்திட்டாக நிறம் இழந்து வெளுப்பதைக் கேரளப் பக்கம் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் வெள்ளப்பாண்டு என்பார்கள். வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டி கோயமுத்தூர்ப் பக்கம் போனால் வெண்புள்ளி. எனக்கு இரண்டு முழங்கையிலும் கழுத்திலும் வந்தது, என் மச்சானுக்கு முழங்காலுக்குக் கீழே. இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒளி வைத்தியத்தில் இறங்கினோம். அவன் புவா, நான் நேரோபேண்ட். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. "எது நல்லது?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவைக்கிறேன். நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நேரோபேண்ட்.

பொதுவாகத் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். புவாவில் சோரலன் என்ற மருந்தைச் சாப்பிட வேண்டும் அல்லது தடவ வேண்டும். அப்புறம் 320 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள யு.வி.ஏ என்ற புற ஊதாக் கதிர் மேலே பட வேண்டும். விளக்குக்குப் பதில் வெயிலில் நின்றால் புவாசால். மச்சான் செய்தது இதுதான். நேரோபேண்டில் மருந்தே இல்லை. 311 நானோமீட்டரை ஒட்டிய யு.வி.பி என்ற இன்னொரு புற ஊதாக் கதிர் மட்டும், வாரம் இரண்டு மூன்று தடவை. எதைச் செய்தாலும் ஆறு மாதத்துக்கு முன்னால் பலன் பேசுவது வீண்.

சோரலன் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியில் இருப்பதும் அந்த வகை மருந்துதான். அந்த எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் நின்று கொப்புளம் வாங்கியவர்கள் எங்கள் பக்கம் உண்டு. 1940-களில் எகிப்தில் எல் மோஃப்டி என்ற மருத்துவர் நைல் கரையில் விளையும் ஒரு செடியிலிருந்து பிரித்தெடுத்த இந்த மருந்தை வெண்புள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தார். 1974-இல் அமெரிக்காவில் யு.வி.ஏ விளக்கோடு சேர்த்து சோரியாசிஸுக்கு (தோல் தடித்துச் செதில் உதிரும் நோய்) கொடுத்தபோதுதான் புவா பெரிய அளவில் பரவியது.

சரி, அது என்ன 311? ஏன் 290 இல்லை? 1981-இல் பாரிஷ், யேனிக்கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோரியாசிஸ் தோலில் ஒவ்வொரு அலைநீளமாக விட்டுப் பார்த்தார்கள். 290-ம் அதற்குக் கீழேயும் தோலைச் சிவக்க வைத்தன, நோயைத் தொடவில்லை. 296 முதல் 313 வரைதான் வேலை நடந்தது. சுடுகிற கதிர் ஒன்று, குணமாக்குகிற கதிர் இன்னொன்று என்று தெரிந்த பிறகு, சுடுவதை விட்டுவிட்டுக் குணமாக்குவதை மட்டும் தருகிற டியூபைச் செய்தார்கள். ஆறு நானோமீட்டர் வித்தியாசத்தில் வைத்தியம் வெறும் தீக்காயமாகிவிடும் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஆழம் என்று வந்தால் புவாவுக்குத்தான் கை ஓங்கும். யு.வி.பி பெரும்பாலும் மேல்தோலிலேயே நின்றுவிடும், யு.வி.ஏ அடித்தோல் வரை இறங்கும். உள்ளங்கை, பாதம் மாதிரி தடித்த தோலில் வரும் சோரியாசிஸுக்கு இன்றும் புவாவைத் தேடுவது அதனால்தான். மருந்தைக் கொடுத்து அதன்மேல் ஒளி காட்டிக் கெட்ட செல்களை அழிக்கும் ஃபோட்டோடைனமிக் சிகிச்சையிலும் இதே இழுபறி. அங்கே தோலில் தடவிய மருந்து புரோட்டோபார்ஃபைரின் என்ற ஒளி உறிஞ்சும் பொருளாக மாறி ஒளிக்காகக் காத்திருக்கும். அது அதிகம் உறிஞ்சுவது 410-ஐ ஒட்டிய நீல ஒளியை. ஆனால் நீலம் ஒரு மில்லிமீட்டர் கூட உருப்படியாக இறங்காது. 635 சிவப்பை அது உறிஞ்சுவது மிகக் குறைவு, ஆனால் சிவப்பு சில மில்லிமீட்டர் உள்ளே போகும். வெயில் பட்டுச் சொரசொரத்த தோலுக்கு அமெரிக்காவில் 1999-இல் 417 நீல விளக்கை அனுமதித்தார்கள், 2016-இல் 635 சிவப்பும் வந்தது. மேலோட்டமான கோளாறுக்கு நீலம் போதும், கட்டி தடித்தால் சிவப்பு வேண்டும்.

வெண்புள்ளியில் நிறமிச் செல்கள் மேல்தோலின் அடிவரிசையிலும் மயிர்க்கால்களிலும் இருப்பதால், 311 போகிற தூரமே காணும்.

நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்கு ஆழத்தை விடப் பெரிய காரணம், விளக்கை அணைத்த பிறகு என்ன ஆகிறது என்பது. நேரோபேண்டில் டியூப் அணைந்ததும் அன்றைய வைத்தியம் முடிந்தது. உடம்பில் மிச்சம் எதுவும் இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு உக்கடத்தில் பஸ் ஏறி, பதினோரு மணிக்குக் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருப்பேன்.

புவாவில் மாத்திரை உடம்பில் இருக்கும்வரை வைத்தியமும் தொடரும். மச்சான் காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டோடு மாத்திரை போட்டு, பத்து மணிக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோப்பு வரப்பில் சில நிமிடம் நிற்பான். அதற்கப்புறம் அன்று முழுக்க வெயிலுக்குப் பயந்து ஓட வேண்டும். மருந்து கண்ணின் லென்ஸ் வரை போகும் என்பதால் 24 மணி நேரம் கறுப்புக் கண்ணாடி. தேங்காய் எண்ண வந்தவர்கள் "கண்ணு ஆப்பரேசனா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதும் என்று அவன் நினைத்தான். சாதாரண ஜன்னல் கண்ணாடி யு.வி.பி-யைத்தான் நிறுத்தும், யு.வி.ஏ-வை நன்றாகவே உள்ளே விடும். தோப்புக்காரனுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் நிழலிலேயே இரு என்றால் எப்படி?

இதை விடக் கொடுமை, சூடு தாமதமாக வருவது. யு.வி.பி அதிகமானால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தோல் சிவந்து சொல்லிவிடும். எனக்கு ஒருமுறை நடந்தது. பெட்டியில் பழைய டியூப்களைக் கழற்றிப் புதிது போட்டிருக்கிறார்கள். புது டியூபுக்கு வேகம் அதிகம், ஆனால் பழைய கணக்கிலேயே விநாடிகளை வைத்துவிட்டார்கள். அன்று ராத்திரியே முழங்கை மிளகாய் அரைத்த கை போல எரிந்தது. அடுத்த முறை காட்டினேன், ஒரு தவணை நிறுத்தி அளவைக் குறைத்தார்கள். கதை முடிந்தது. புவாவில் சிவப்பு உச்சத்துக்கு வர மூன்று நாள் வரை ஆகும். மச்சான் மறுநாள் காலைப் பார்த்தான், ஒன்றும் இல்லை. சரி, போதவில்லை போல என்று அடுத்த தவணையில் இரண்டு மடங்கு நேரம் நின்றான். முதல் நாள் சூடும் இரண்டாம் நாள் சூடும் சேர்ந்து வந்தபோது கணுக்கால் பக்கம் கொப்புளம், இரண்டு வாரம் செருப்புப் போட முடியவில்லை.

விளக்கிலாவது எவ்வளவு கதிர் பட்டது என்பதற்கு மில்லிஜூல் கணக்கு உண்டு. வெயிலுக்கு என்ன கணக்கு? இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) மேகம் மூடினால் பல நாள் போய்விடும், திடீரென்று வெளுத்தால் பழைய நேரமே அதிகமாகிவிடும்.

ஃபோட்டோடைனமிக்கிலும் இந்த மிச்ச மருந்துத் தொல்லை இருக்கிறது. தோலில் தடவும் மருந்துக்கு ஏறக்குறைய இரண்டு நாள் வெளிச்சத்துக்கு ஒதுங்க வேண்டும். உட்புறப் புற்றுக்கு ஊசியில் ஏற்றும் ஃபோட்டோஃபிரின் என்றால் குறைந்தது 30 நாள்.

பலன் எப்படி? லண்டனில் பக்கத்துக்கு 25 பேரை வைத்துச் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேல் நிறம் திரும்பியவர்கள் நேரோபேண்டில் 16 பேர், புவாவில் 9 பேர். வந்த நிறம் சுற்றுத் தோலோடு ஒட்டிப்போவதும் நேரோபேண்டில்தான் அதிகம். மச்சானுக்கு வந்த இடங்கள் சுற்றுத் தோலை விடக் கறுத்துத்தான் கிடக்கின்றன. எனக்கு நான்காவது மாதம் முழங்கையில் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் கடுகளவு பழுப்புப் புள்ளி. வெள்ளைத் தட்டில் மிளகுப்பொடி தூவியது மாதிரி. பிறகு புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. ஆனால் இரண்டு பேர் தோலை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அவனுக்குக் கால், எனக்குக் கழுத்தும் கையும். கழுத்து யாருக்கும் சீக்கிரம் வரும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மாத்திரைப் புவா கொடுப்பதில்லை, அங்கே யோசிக்கவே வேண்டாம்.

நேரோபேண்டின் குறையையும் சொல்ல வேண்டும். வாரம் மூன்று காலை, போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி, உள்ளே நிற்பது மூன்று நிமிடம். கடையைத் தம்பி பார்த்துக்கொள்வதால் எனக்கு ஓடுகிறது. கூலிக்குப் போகிறவருக்கு மூன்று அரைநாள் என்பது பெரிய பணம், மச்சானின் வெயில் அவருக்கு இலவசம். கையில் பிடிக்கும் சிறிய விளக்கை வீட்டுக்கு வாங்கலாம் என்கிறார்கள், நான் பயன்படுத்தியதில்லை.

விரல்நுனிக்கு மட்டும் இரண்டும் ஒன்றுதான். அங்கே மயிர்க்கால் இல்லை, நிறமி வர வழியும் இல்லை. எனக்கு வலது கையில் இரண்டு விரல்நுனி இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. சில்லறை எண்ணிக் கொடுக்கும்போது சிலர் பார்ப்பார்கள், நான் எண்ணி முடித்துக் கொடுத்துவிடுவேன்.