ஆர்8168 டிரைவரா, யூஎஸ்பி அடாப்டரா? அறுந்து அறுந்து வந்த லினக்ஸ் வயர் இணைப்பு

மட்டக்களப்பு கல்லடியில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். பிரின்ட், ஸ்கேன், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் லினக்ஸ் மின்ட் போட்ட ஒரே கொம்பியூட்டரில்தான். தைப்பொங்கல் கழிந்த கையோடு அதன் வயர் இணைப்பு பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் அறுந்து வரத் தொடங்கியது. இருந்த வழிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, இப்போது யூஎஸ்பி போர்ட்டில் குத்தும் நெட்வேர்க் அடாப்டரில் நிற்கிறேன். இதே தலையிடியோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வயரைப் பற்றி நீட்டத் தேவையில்லை, வேறு கேபிள் ஒன்றைக் குத்திப் பாருங்கள். டெர்மினலில் ‘ஐபி லிங்க்’ அடிக்கும்போது ‘நோ-கேரியர்’ என்று வந்தால் டிஎன்எஸ், ஐபி முகவரி என்று தேடி அலைய வேண்டாம், சிக்னலே வரவில்லை. இணைப்பின் வேகத்தைக் காட்டும் ‘ஈத்டூல்’ கட்டளை 1000 மெகாபிட்டுக்குப் பதிலாக 100 காட்டினால் கேபிளுக்குள் இருக்கும் நீலக் கம்பிச் சோடியிலோ மண்ணிறச் சோடியிலோ சந்தேகம் வையுங்கள். 100க்கு இரண்டு சோடி போதும், 1000க்கு நாலும் வேண்டும். எங்கள் கடைக்கு ஒருபக்கம் வாவி, மறுபக்கம் கடல். பழைய பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எட்டு முனையில் மூன்றில் பச்சைக் களிம்பு. வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் பண்ணினேன். 100 ஆக இருந்தது 1000 ஆனது. அறுந்து வருவது மட்டும் நிற்கவில்லை.

மதர்போர்டில் இருப்பது ரியல்டெக் 8168 சிப். லினக்ஸின் மையமான கெர்னல், அந்தச் சிப்பை இயக்கத் தன்னிடமுள்ள ஆர்8169 டிரைவரைப் போடும். கெர்னலின் பதிவுகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’ பார்த்தபோது ‘லிங்க் இஸ் டவுன்’, ‘லிங்க் இஸ் அப்’ என்று மாறிமாறி வரிசையாக நின்றது. மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஏஎஸ்பிஎம் வசதியை பூட் நேரத்திலேயே நிறுத்திப் பார்த்தேன். அறுவது குறைந்தது, போகவில்லை. உங்களுக்கு இதோடு சரிவந்தால் அங்கேயே நில்லுங்கள், செலவே இல்லை.

எனக்குச் சரிவராததால் ரியல்டெக்கின் சொந்த டிரைவரான ஆர்8168ஐ, கெர்னல் மாறும்போது டிரைவரைத் தானே மறுபடி கட்டப் பார்க்கும் டிகேஎம்எஸ் பொதியாகப் போட்டேன். உள்ளதைச் சொல்ல வேண்டும்: அன்றைக்கே இணைப்பு நின்று பிடித்தது. மூன்று கிழமை ஒரு தரமும் அறவில்லை. பிறகு அப்டேட் ஒன்றில் புதுக் கெர்னல் வந்தது. மறுநாள் காலை கடை திறந்தால் நெட்வேர்க் கார்டே காணவில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு இரண்டாம் நாளாக வந்திருந்த அம்மா ஒருவர், “மகன், இண்டைக்கும் ஏலாதா?” என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நடந்தது இதுதான். ஆர்8168 கெர்னலுக்குள் இல்லை. ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் அது உங்கள் கொம்பியூட்டரிலேயே மறுபடி கட்டப்பட வேண்டும். அதற்கு அந்தக் கெர்னலுக்குப் பொருந்தக் கட்ட உதவும் கோப்புகள், அதாவது ஹெடர் பொதி, வேண்டும், என்னிடம் அது இருக்கவில்லை. போதாததற்கு, அந்தச் சிப்பை ஆர்8169 எடுக்கக்கூடாது என்று பொதியே எழுதிவைத்திருந்தது. ஆக, அதுவும் இல்லை, இதுவும் இல்லை. ஹெடரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர ஹெடர் வேண்டும். கடைசியில் போனை யூஎஸ்பி வயரில் கொளுவி, போனின் இணையத்தைக் கொம்பியூட்டருக்குக் கொடுக்கும் டெதரிங் போட்டுத்தான் மீண்டேன். ஹெடர் இருந்தாலும் பயம் தீராது. கெர்னலின் உள்ளமைப்பு மாறினால் பழைய ஆர்8168 கட்டப்படாமலே நின்றுவிடலாம். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் போட்டிருப்பவர்களுக்கு அந்தக் கையொப்பச் சிக்கலும் சேரும்.

அதனால்தான் யூஎஸ்பி அடாப்டர். நான் வாங்கியது ரியல்டெக் 8153 சிப் உள்ளது. இதன் ஆர்8152 டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. கெர்னலின் உள்ளமைப்பை மாற்றுகிறவர்கள் உள்ளே இருக்கிற டிரைவர்களையும் சேர்த்தே திருத்திவிடுவார்கள், வெளியே நிற்பதற்கு அந்தக் கவனிப்புக் கிடையாது. என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான். குத்தினேன், ‘ஈஎன்எக்ஸ்’ என்று தொடங்கும் புதுப் பெயரோடு வந்தது, வேலை முடிந்தது. அதன்பிறகு கெர்னல் பல தடவை மாறிவிட்டது, நான் ஒன்றிலும் கை வைக்கவில்லை.

இன்னொரு நன்மை வாங்கிய பிறகுதான் விளங்கியது. பக்கத்து வீட்டுத் தம்பியின் லப்டொப்பில் வயர் வேலை செய்யவில்லை என்றார். அவருடைய கேபிளை என் அடாப்டரில் கொளுவி அதே லப்டொப்பில் குத்தினேன், இணையம் வந்தது. கேபிளும் ரவுட்டரும் சுகம், பிழை அவர் போர்ட்டில் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

குறைகளும் உண்டு. நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில்தான் முழு வேகம் வரும், யூஎஸ்பி 2 என்றால் உச்சமே 480 மெகாபிட். தொட்டால் சுடும். கால் பட்டால் கழன்றுவிடும், நான் மேசைக்குப் பின்னால் டேப் ஒட்டியிருக்கிறேன். வாங்கும்போது சிப்பின் பெயரைக் கேட்டு வாங்குங்கள், 100க்கு மேல் போகாதவையும் அதே வடிவத்தில்தான் வருகின்றன. என்னுடையது இன்னும் ஒரு மாரி காணவில்லை. உப்புக் காற்றுக்கு எப்படித் தாங்கும் என்று ஐப்பசி, கார்த்திகை போனால்தான் சொல்வேன். இடி முழங்கினால் எதுவானாலும் கேபிளைக் கழற்றுங்கள்.

இன்டெல் பிசிஐ கார்டையும் சிலர் சொல்வார்கள். அதன் டிரைவரும் கெர்னலுக்குள்தான், கழன்று விழும் பயமும் இல்லை. காத்தான்குடியில் ஒரு நண்பரின் மெஷினில் நன்றாக ஓடுவதைப் பார்த்தேன், நான் பாவித்ததில்லை. பெட்டியைத் திறந்து பூட்டத் தயார் என்றால் அதையும் யோசிக்கலாம்.

ஆர்8168ஐக் கழற்றுகிறவர்கள் ‘ரிமூவ்’ கட்டளையோடு நின்றுவிடாதீர்கள், அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து அழிக்கும் ‘பேர்ஜ்’ போடுங்கள். இல்லாவிட்டால் ஆர்8169ஐத் தடுக்கும் அந்தக் கோப்பு அப்படியே கிடக்கும்.